குறிப்பெடுக்கும் செயலி: நம்பி இறங்கும் முன் ஒரு சோதனை

குறிப்பெடுக்கச் செயலி தேடுகிறவர்கள் பெரும்பாலும் அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா? மூன்று ஆண்டுக் குறிப்புகளை ஒரு செயலியில் சேர்த்து வைத்திருந்தேன். அந்தச் சேவையை நிறுத்தியபோது ஒவ்வொன்றாகத் திறந்து நகலெடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. படங்களில் பாதி வரவே இல்லை. அந்த வலி உங்களுக்கு வேண்டாம். கீழே சொல்வதைச் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.

படி 1: பத்துக் குறிப்புகள் எழுதுங்கள்

எல்லாம் உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுபவையாக இருக்கட்டும். இரண்டு வரி நினைவூட்டல், டிக் அடிக்கும் பட்டியல், கரும்பலகையை எடுத்த படம், ஒரு பிடிஎஃப், ஒரு அட்டவணை, இரண்டு பக்க நீளத்துக்கு ஒன்று என்று கலந்து எழுதுங்கள்.

படி 2: இரண்டே செயலிகளில் போட்டுப் பாருங்கள்

கீழே உள்ள ஐந்தில் உங்களுக்குப் பொருந்தும் இரண்டை எடுங்கள். சட்டென்று கிறுக்கி வைக்க கூகுள் கீப் அருமையானது. நீளமான குறிப்புகளுக்கு ஒத்துவராது. ஒன்நோட்டில் பக்கத்தில் எந்த இடத்திலும் எழுதலாம், பேனாவால் வரையலாம். நோஷனில் அட்டவணைகளும் பலர் சேர்ந்து வேலை செய்வதும் சுலபம். ஆனால் புதியவர்கள் பக்கத்தை அழகுபடுத்துவதிலேயே நேரத்தை விட்டுவிடுகிறார்கள். அப்சிடியன் ஒவ்வொரு குறிப்பையும் உங்கள் கணினியிலேயே சாதாரண மார்க்டவுன் கோப்பாக (தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் உரைக் கோப்பு) வைக்கிறது. கைபேசிக்கும் கணினிக்கும் ஒத்திசைக்கும் ஏற்பாட்டை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாப்ளின் திறமூலச் செயலி, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம். தோற்றம் எளிமை.

படி 3: இணையத்தைத் துண்டியுங்கள்

கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, பத்தும் திறக்கிறதா பாருங்கள். ஒரு குறிப்பில் ஒரு வரியைத் திருத்துங்கள். அதே குறிப்பில் கணினியில் வேறொரு வரியைத் திருத்திவிட்டு, கைபேசியில் இணையத்தைத் திரும்பக் கொடுங்கள். இரண்டு திருத்தமும் இருந்தால் நிம்மதி. இரண்டு பிரதி கிடைத்தாலும் சமாளிக்கலாம். ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போனால் அந்தச் செயலி வேண்டாம்.

படி 4: தமிழில் தேடுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நமக்கோ இதுதான் முக்கியம். "மரம்" என்று தேடினால் "மரத்தில்" என்று எழுதிய குறிப்பு வராது, ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லே மாறிவிடுகிறது. "மர" என்று மட்டும் தட்டிப் பாருங்கள். பல செயலிகளில் இரண்டும் வந்துவிடும். இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வெவ்வேறு விசைப்பலகையிலோ பழைய கோப்பிலோ இருந்து வந்த "கொடி"யை எல்லாத் தேடலும் கண்டுபிடித்துவிடாது. உங்கள் பழைய உரை ஒன்றை ஒட்டி, தேடிப் பார்த்துவிடுங்கள்.

படி 5: வெளியே எடுங்கள்

எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2023 டிசம்பரில் தன் இலவசத் திட்டத்தை 50 குறிப்புகளுக்கும் ஒரே ஒரு நோட்டுப்புத்தகத்துக்கும் சுருக்கியது. விதி எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். கீப் குறிப்புகளை, உங்கள் தரவைப் பதிவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாக எச்டிஎம்எல் (உலாவியில் திறப்பது), ஜேசன் (நிரல்கள் படிப்பது) கோப்புகளாக எடுக்கலாம். நோஷன் மார்க்டவுனாகவும் எச்டிஎம்எல்லாகவும் தருகிறது. எவர்நோட் தருவது அதன் சொந்த வடிவமான எனெக்ஸ் கோப்பு. அதை ஜாப்ளினில் ஏற்றிக்கொள்ளலாம். அப்சிடியனில் எடுக்கவே வேண்டியதில்லை, கோப்புறையைத் திறந்தால் எல்லாம் அங்கேயே இருக்கும்.

எடுத்ததைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: படங்கள் வந்தனவா, எழுதிய தேதி இருக்கிறதா, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடையாமல் தெரிகிறதா. இந்தப் படியில் தோற்ற செயலி மற்ற நான்கிலும் ஜெயித்திருந்தாலும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடவுச்சொல், வங்கி விவரம் எதையும் சாதாரணக் குறிப்பில் வைக்காதீர்கள். ஜாப்ளினில் முழு மறையாக்கம் (ஒத்திசைக்கும் குறிப்புகளை மற்றவர்கள் படிக்க முடியாதபடி பூட்டுவது) உண்டு, ஆனால் அதை நீங்களே இயக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த அன்றே பழைய நோட்டுகளை எல்லாம் ஏற்றத் தொடங்காதீர்கள். ஒரு மாதம் புதிய குறிப்புகளை மட்டும் எழுதுங்கள். பழையதில் எது தேவைப்படுகிறதோ, அதை அப்போது கொண்டுவந்தால் போதும்.