நிஷாப்பூர் பாணியில் ஓர் எழுத்துத் தட்டு: தொடக்க நிலையினருக்கான செய்முறை

10ஆம் நூற்றாண்டில் சாமானித் அரசர்களின் ஆட்சியில் இருந்த நிஷாப்பூரிலும் (இன்றைய ஈரான்) சமர்கந்திலும் (இன்றைய உஸ்பெகிஸ்தான்), வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்தைத் தவிர வேறு அலங்காரம் அநேகமாக இல்லாத கிண்ணங்களும் தட்டுகளும் வனையப்பட்டன. சீனப் பீங்கானின் வெண்மைக்கு மதிப்பிருந்த காலம் அது. உள்ளூர் மண்ணோ சுட்டால் வெளுக்காது. ஆகவே குயவர்கள் அதன்மேல் வெண்களிமண் குழம்பைப் பூசி மறைத்தார்கள்.

முதலில், செம்மண்ணில் சுமார் 25 செ.மீ. விட்டமுள்ள ஆழமற்ற தட்டை வனைந்துகொள்ளுங்கள். சக்கரம் பழகாதவர்கள், சப்பாத்திபோல் தேய்த்த மண்ணைக் கவிழ்த்த தட்டின்மேல் படியவைத்தும் எடுக்கலாம்.

அடுத்தது பதம். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். விரலால் அழுத்தினால் குழியக் கூடாது. என் முதல் தட்டை முழுவதும் காயவிட்டுப் பூசினேன். வெண்பூச்சு பழைய சுவரின் சுண்ணாம்புபோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. தட்டும் பூச்சும் சேர்ந்தே சுருங்கினால்தான் ஒட்டும். பீங்கானுக்குப் பயன்படும் வெண்களிமண்ணான கயோலினை, சுட்டால் வெண்மையாகும் பசைக் களிமண்ணுடன் (ball clay) சம அளவில் கலந்து, தோசை மாவைவிடச் சற்று நீர்ப்பாகக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தட்டில் ஒரே முறையாக ஊற்றிச் சுழற்றி, மிகுதியை வடித்துவிடுங்கள்.

எழுதுவதற்குமுன் தாளில் அளந்து பார்ப்பது அவசியம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, ஏறத்தாழ 46 செ.மீ. விட்டமுள்ள நிஷாப்பூர்க் கிண்ணம் ஒன்றின் விளிம்பில், ‘வேலைக்கு முன் திட்டமிடுவது வருத்தத்திலிருந்து காக்கும்’ என்ற பொருளில் அரபு வாசகம் ஓடுகிறது. எழுதியவர் அதன்படியே நடந்திருக்கிறார்: எழுத்துகளின் நெடுங்கோடுகள் மையத்தை நோக்கி நிற்க, வாசகம் வட்டத்தைச் சரியாகச் சுற்றி முடிகிறது. நடுவே ஏறக்குறைய முழுவதும் வெறும் வெள்ளை. அந்த வெறுமையே இப்பாணியின் அழகு என்பேன், பூக்களால் நிரப்பிவிடாதீர்கள்.

தொடக்கத்துக்கு, தமிழ் முஸ்லிம்கள் ‘பரக்கத்’ என்று வழங்கும், அருள்வளத்தைக் குறிக்கும் ‘பரகா’ (بركة) என்ற ஒரு சொல் போதும். கோணங்கள் மிகுந்த பழைய அரபு எழுத்துவகையான கூஃபியில் வலமிருந்து இடமாக எழுதுங்கள். இரண்டாம் எழுத்தான ‘ரா’ தனக்கு அடுத்த எழுத்தோடு சேராது. அங்கே விழும் இடைவெளியை இழுத்து ஒட்டிவிட்டால் சொல் கெட்டுவிடும்.

கறுப்புக்கு, 100 கிராம் உலர்ந்த வெண்களிமண் பொடியுடன் 10 கிராம் கறுப்புப் பீங்கான் நிறப்பொடியைச் சேர்த்து நீரில் குழையுங்கள். பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். நிறத்தைத் தனியாகப் பூசினால், அன்றைய ஈய மெருகு (கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) சூளையில் உருகும்போது அதைக் கரைத்து வழியவிட்டுவிடும். களிமண்ணோடு கலந்தால் நிறம் இடம் பெயராது. இந்த நுட்பம்தான் அக்குயவர்களுக்குக் கூர்மையான எழுத்தைக் கொடுத்தது. கோடு பிசிறினால், சற்றுக் காய்ந்தபின் ஊசி முனையால் ஓரத்தைச் சுரண்டிச் சீராக்கலாம். அவர்களும் அப்படிச் செய்ததுண்டு.

தட்டை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, சுமார் 1000 டிகிரி செல்சியஸில் முதல் சூளை வையுங்கள். பிறகு ஈயம் கலவாத, நிறமற்ற மெருகில் தட்டை முக்கியெடுத்து, அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மெருகின் உறையில் குறித்துள்ள வெப்பத்தில் மறுபடியும் சுடுங்கள். மெருகு தடித்தால் எழுத்து மங்கும். முக்கிய கையோடு வெளியே எடுத்துவிடுங்கள். சூளை தானாக ஆறும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.