"இது எனக்கு விளங்கல்ல" என்று சொல்லப் பயப்படுகிறவர்கள் விடும் பிழைகள்

மட்டக்களப்பு டவுனில் நான் முதலில் வேலை செய்த இடத்தில் கேள்வி கேட்டால் பதில் வராது. "இதுகூடத் தெரியாமலா சம்பளம் எடுக்கிறாய்?" என்றுதான் வரும், அதுவும் வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போதே. இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு கல்முனையில் ஒரு கணக்குக் கந்தோரில் சேர்ந்தேன். அங்கே யாரும் ஏசுவதில்லை. ஆனாலும் வாய் திறக்க எனக்குப் பல மாதம் எடுத்தது. கீழே எழுதுவதெல்லாம் நான் விட்ட பிழைகள்.

எல்லாவற்றிலும் பெரியது, கடைசி நாள்வரை பொத்தி வைப்பது. 22 பேரின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கு என் கையில் இருந்தது. ஊழியருக்கு 8 வீதம், முதலாளிக்கு 12 வீதம் என்பது தெரியும். எந்தத் தொகையில் என்பதுதான் குழப்பம். ஓ.டி. (மேலதிக நேர) காசு சேருமா? கேட்கப் பயந்து, எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, தாளை மூன்று கிழமை லாச்சிக்குள் வைத்திருந்தேன். அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டாவிட்டால் 5 வீதத்திலிருந்து 50 வீதம்வரை மேலதிகமாகக் கட்ட வேண்டி வரும். அதற்கு முதல் நாள் பின்னேரம்தான் கந்தோரில் இருக்கும் மூத்த அக்காவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "ஓ.டி. சேராது, வாழ்க்கைச் செலவுப் படி சேரும். முதலே கேட்டிருந்தா அஞ்சு நிமிச வேல." அவ்வளவுதான், ஏச்சில்லை. ஆனால் இரண்டு பேரும் இரவு ஏழு மணிவரை இருந்து 22 பேருக்கும் திருப்பிப் போட்டோம். அக்கரைப்பற்று பஸ்ஸையும் அவர் விட்டுவிட்டார். இப்போது அரை மணித்தியாலம் முயன்றும் நகரவில்லையென்றால் எழும்பிப் போய்க் கேட்டுவிடுவேன்.

எமி எட்மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்தியசாலைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நன்றாக நடக்கும் குழுக்களில்தான் கூடுதலான பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே ஆட்கள் ஒளிக்காமல் வாய்விட்டுச் சொன்னார்கள்.

அடுத்தது, மன்னிப்பில் தொடங்குவது. "குறை நினைக்காதீங்க சேர், ஒரு மொக்குக் கேள்வி..." என்று இழுத்தால் கேட்கிறவருக்கு உங்கள் வேலையிலேயே சந்தேகம் வரும். செய்ததையும் நின்ற இடத்தையும் சொல்லுங்கள்: "சேர், படியெல்லாம் சேர்த்துப் பாத்தன், போன மாசத்தோட 4,000 ரூபா உதைக்குது. எத விடணும்?" இப்படிக் கேட்டால் அவருக்கும் பதில் சொல்வது லேசு.

பக்கத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, சம்பளத் தாளைப் படம் பிடித்து வெளிச் சிநேகிதருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. அது மற்றவர்களுடைய சம்பளம்.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதும் பிழை. நோன்பு மாதத்தில் பின்னேரம் சேர் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதும் பழைய பயம் எனக்கு நெஞ்சுக்குள் ஏறிவிட்டது. மனிதர் விடியச் சஹருக்கு எழும்பினவர், களைப்பில் இருந்தார். மற்ற நாள் காலையில் அவரே கதிரையை இழுத்துப் போட்டு விளங்கப்படுத்தினார்.

எல்லாக் கந்தோரும் இப்படி இருக்காது. சின்னக் கேள்வியொன்றைக் கேட்டுப் பாருங்கள். அதற்கே அவமானப்படுத்தினால், அடுத்ததை எழுத்தில் கேளுங்கள். பயத்தில் நித்திரையே வராவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கிடைத்த பதிலை எழுதி வைக்காமல் விடுவதும் ஒரு பிழை. அதையே திருப்பிக் கேட்கும்போதுதான் உண்மையில் கூச்சம் வரும். அக்கா அன்று சொன்னதை ஒரு கொப்பியில் எழுதினேன். புதிதாக வந்த தம்பி இப்போது அதைப் பார்த்துத்தான் ஈ.பி.எஃப். போடுகிறார்.