சிஹெச்மாட் 777 அடிக்கும் முன்

லினக்ஸ் சர்வரில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்ததும், கோப்பு அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையில் 777 அடிப்பவர்கள் அதிகம். இதன் மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கானவை. படிக்க 4, எழுத (டபிள்யூ) 2, இயக்க (எக்ஸ்) 1 என்று கூட்டினால் ஒவ்வொரு இலக்கமும் வரும். பிழை மறையும்தான், ஆனால் அந்த சர்வரில் உள்ள எந்தக் கணக்கும் இனி அந்தக் கோப்பைத் திருத்தலாம். வெப்சைட்டின் அப்லோட் ஃபோல்டரில்தான் இது அதிகம் நடக்கிறது. அங்கே குறை பெரும்பாலும் அனுமதியில் இருக்காது, உரிமையாளர் வேறாக இருப்பார். உபுண்டுவில் அப்பாச்சி வெப் சர்வர், ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனராக ஓடுகிறது. உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் கட்டளையால் ஃபோல்டரை அந்தப் பயனருக்கு மாற்றினால் 755 போதும்.

கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் திறக்கவில்லையா? மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் எக்ஸ் அனுமதி இல்லாமல் இருக்கலாம். ‘நேம்ஐ -எல்’ கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுங்கள். ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிசையாகத் தெரியும்.

ஃபோல்டருக்கு எக்ஸ் என்றால் உள்ளே நுழையும் அனுமதி. இதை மறந்து ‘-ஆர் 644’ (-ஆர் என்றால் உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும்) கொடுத்தால் ஃபோல்டர்களின் எக்ஸ் போய்விடும். ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) அல்லாதவர் ஓட்டினால் அந்தக் கட்டளையே உள்ளே இறங்க முடியாமல் நின்றுவிடும். ‘-ஆர் 755’ கொடுத்தாலோ படங்கள்கூட இயக்கக்கூடிய கோப்புகளாகிவிடும். ஃபைண்ட் கட்டளையில் ‘-டைப் டி’ போட்டு ஃபோல்டர்களுக்கு 755, ‘-டைப் எஃப்’ போட்டுக் கோப்புகளுக்கு 644 என்று தனித்தனியாகக் கொடுப்பதே சரி. உள்ளே ஸ்கிரிப்டுகள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் பிறகு எக்ஸ் சேர்க்கலாம். எண்ணுக்குப் பதில் எழுத்து வடிவில் பெரிய எக்ஸ் (X) போட்டால், ஃபோல்டர்களுக்கும் ஏற்கெனவே யாருக்காவது எக்ஸ் உள்ள கோப்புகளுக்கும் மட்டுமே எக்ஸ் சேரும். அதனால் தவறுதலாக எக்ஸ் ஒட்டிக்கொண்ட கோப்புகளை அது சரிசெய்யாது.

-ஆர் போடும்போது பாதையில் தவறி ஒரு இடைவெளி விழுந்தால் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் ஃபோல்டரிலிருந்தே (‘/’) மாற்றம் தொடங்கிவிடலாம். கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையைப் போல சிஹெச்மாட் தானாகத் தடுக்காது. ‘--ப்ரிசர்வ்-ரூட்’ என்று நாம்தான் சேர்க்க வேண்டும். யூஎஸ்ஆர் ஃபோல்டர் முழுக்க 755 ஆனால் ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் சுடோ கோப்பின் செட்யூஐடி பிட் (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளராக ஓடச் செய்யும் குறி) அழிந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்ய சுடோவே உதவாது, ரெக்கவரி மோடில்தான் நுழைய வேண்டும்.

444 கொடுத்த கோப்பை யாரும் அழிக்க முடியாது என்று நினைப்பதும் தவறு. அழிக்கும் உரிமை ஃபோல்டரின் டபிள்யூ அனுமதியில் இருக்கிறது.

தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் விஷயத்தில் தாராளம் காட்டினால் வேலையே நடக்காது. தனிச் சாவி 644-இல் இருந்தால் எஸ்எஸ்ஹெச் அதை ஏற்காது. சாவிக்கு 600, அது இருக்கும் ஃபோல்டருக்கு 700 கொடுங்கள். சர்வரில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் குழுவினர் எழுத முடிந்தாலும் சாவி வழி லாகின் மறுக்கப்படும்.

பெரிய மாற்றத்துக்கு முன் அனுமதிகளைப் பட்டியலிடும் ‘கெட்ஃபேக்ல் -ஆர்’ கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். தவறிப்போனால், அதே இடத்திலிருந்து ‘செட்ஃபேக்ல் --ரிஸ்டோர்’ கொடுத்துப் பழைய அனுமதிகளைத் திரும்பப் பெறலாம்.