'டிட்' வந்தால் 'வென்ட்' வராது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசும்போது அடிக்கடி காதில் விழுவது: 'டிட் யூ வென்ட்?', 'ஐ டிடன்ட் சா'. இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே காட்டிவிட்டது. அப்புறம் வினைச்சொல் மாறக் கூடாது: 'டிட் யூ கோ?', 'ஐ டிடன்ட் சீ'. நம் தமிழிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 'போனேன்' என்கிறோம், 'போனவில்லை' என்று யாராவது சொல்வோமா? 'போகவில்லை'தானே!

'வாஸ்' (was), 'வேர்' (were) இருந்தால் 'டிட்' தேவையில்லை: 'வாஸ் ஷி அட் ஹோம்?'. 'ஹூ' எழுவாயாக வந்தாலும் அப்படித்தான். 'ஹூ வென்ட் டு தி ஷாப்?' சரியான வாக்கியமே; இதில் பெரியவர்களும் தடுமாறுவார்கள்.

வீட்டில் 'பசியாறியாச்சா?' என்று கேட்கும் நேரத்தில் 'டிட் யூ ஈட்?' என்று கேளுங்கள். 'எஸ், ஐ ஏட்' அல்லது 'நோ, ஐ டிடன்ட் ஈட்' என்று முழு வாக்கியமாகப் பதில் வரட்டும்.