புது புல்லட் ஜர்னல்: முதல் மாதத்திலேயே நோட்டை மூடவைக்கும் தவறுகள்

வேலை, நிகழ்வு, குறிப்பு எல்லாவற்றையும் சின்னச் சின்னக் குறியீடுகளோடு ஒரே நோட்டில் கையால் எழுதிவைக்கும் முறைதான் புல்லட் ஜர்னல். ஆசை ஆசையாக ஆரம்பித்த அந்த நோட்டு மூன்றாம் வாரம் அலமாரிக்குப் போய்விட்டால், ‘எனக்குத்தான் பொறுமை இல்லை’ என்று பலரும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் குறை பொறுமையில் இல்லை. ஒரு வாரம்கூட எழுதிப் பார்க்காமல், வருஷம் முழுமைக்குமாகக் கோடு போட்டு, கட்டம் கட்டி, பூ வரைந்து வைத்துவிடுவதில்தான் இருக்கிறது. பிறகு நம் நாள் எப்படிப் போனாலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்க வேண்டியதாகிறது. அடங்காத அன்று எழுத மனம் வருவதில்லை.

இந்த முறையை 2013-இல் இணையத்தில் வெளியிட்டவர் ரைடர் கரோல் என்கிற நியூயார்க் வடிவமைப்பாளர். சிறுவயதிலேயே கவனக்குறைபாடு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர். சிதறும் கவனத்தைப் பிடித்துவைக்கத் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் பிறருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் காட்டியதில் ஒரு நோட்டும் பேனாவும் மட்டுமே இருந்தன. வாட்டர்கலர், வாஷி டேப் என்னும் வண்ணக் காகித டேப், பிரஷ் பேனாவால் அலங்காரமாக எழுதும் பிரஷ் லெட்டரிங் எல்லாம் பின்னால் இன்ஸ்டாகிராம், பின்டரெஸ்ட் வழியாகச் சேர்ந்தவை. அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். அழகாக இருக்கும் நோட்டைக் கை தானாகத் தேடும். ஆனால் அலங்காரம் எப்போது வர வேண்டும், எங்கே வர வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் பக்கத்தில் ஆரம்பிக்கும் சிக்கல்

புது நோட்டின் முதல் பக்கம் பாழாகிவிடுமோ என்ற பயத்திலேயே எழுதாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. நமக்கு இதற்கு வழி பழக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளையார் சுழி போட்டு, பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். தலைப்புப் பக்கத்தை ஒரு மாதம் கழித்து, கை பழகிய பிறகு அலங்கரிக்கலாம். ஜனவரி 1 வரைக்கும் காத்திருப்பதும் தேவையில்லாத வேலை. இந்த நோட்டில் தேதி அச்சடித்திருக்காது. ஆடியிலும் தொடங்கலாம், ஒரு புதன்கிழமை சாயங்காலமும் தொடங்கலாம்.

அடுத்து பொருளடக்கம். முதல் நான்கு பக்கங்களை அதற்கு விட்டுவிடுங்கள். நோட்டின் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மூச்சில் எண் போட உட்காராதீர்கள்; சுமார் 250 பக்கம் இருக்கும், பாதியில் அலுத்துவிடும். பத்துப் பத்தாகப் போட்டுக்கொண்டே போனால் போதும். பொருளடக்கத்தில் பலர் செய்யும் தவறு, தினக்குறிப்பின் ஒவ்வொரு நாளையும் அதில் ஏற்றுவது. மாதம், தொடங்கிய பக்கம், முடிந்த பக்கம் இருந்தால் போதும். தனித் தலைப்புள்ள பக்கங்களைக் கட்டாயம் ஏற்றுங்கள்: வீட்டுக் கடன் கணக்கு, படிக்க வேண்டிய புத்தகங்கள், அம்மாவின் மருந்துப் பட்டியல். நாலு மாதம் கழித்துத் தேடப்போவது இவற்றைத்தான்.

குறியீடுகளில் ஆரம்ப சூரத்தனம் காட்டுபவர்கள் அதிகம். மூல முறையில் இருப்பவை சில மட்டுமே. வேலைக்கு ஒரு புள்ளி, நிகழ்வுக்கு ஒரு சின்ன வட்டம், குறிப்புக்கு ஒரு சிறு கோடு. வேலை முடிந்தால் புள்ளியின் மேலேயே பெருக்கல் குறி. அடுத்த மாதத்துக்கு நகர்த்தினால் வலப்பக்கம் பார்க்கும் அம்பு, இன்னும் தள்ளி வருங்காலப் பட்டியலுக்கு (வரும் மாதங்களின் வேலைகளைக் குறித்துவைக்கும் பக்கத்துக்கு) அனுப்பினால் இடப்பக்கம் பார்க்கும் அம்பு. புள்ளியை அழிக்காமல் அதன் மேலேயே மற்றதை எழுத முடிகிறது என்பதுதான் இதன் நுட்பம். இதோடு நட்சத்திரம், இதயம், முக்கோணம், ஏழு வண்ணம் என்று சேர்த்துக்கொண்டே போனால், ‘கரன்ட் பில் கட்டணும்’ என்று எழுதுவதற்கு முன் எந்த வண்ணம் என்று யோசித்து நிற்போம். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதும்போது கையில் ஒரு பேனாதான் இருக்கும். அந்த ஒரு பேனாவில் எழுத முடியாத முறை நீடிக்காது.

வருங்காலப் பட்டியலுக்கு ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குவது வீண். ஏ4 தாளில் பாதி அளவான ஏ5 நோட்டில், கோட்டுக்குப் பதில் அச்சிட்டிருக்கும் புள்ளிகள் 5 மி.மீ. இடைவெளியில் இருந்தால் மேலிருந்து கீழாக ஏறக்குறைய 40 வரிசை கிடைக்கும். மூன்றாகப் பிரித்தால் மாதத்துக்கு 13 வரி. தலைப்புக்கு ஒன்று போனாலும் 12 வரி மிச்சம். எதிரெதிர் இரண்டு பக்கத்தில் அரை வருஷம் முடிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், இன்ஷூரன்ஸ் பிரீமியம், ஸ்கூல் ஃபீஸ் கடைசித் தேதி, வண்டியின் எஃப்சி, முகூர்த்த நாளில் வரும் கல்யாணங்கள்: இவற்றுக்கு 12 வரி தாராளம்.

தினக்குறிப்புக்கு மட்டும் முன்கூட்டியே பெட்டி வரையவே வரையாதீர்கள். என் பார்வையில் எல்லாத் தவறுக்கும் தலையாயது இதுதான். திங்கட்கிழமைக்கு 20 வேலை இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் இருக்காது. சமமான ஏழு பெட்டி போட்டால் திங்கள் பிதுங்கும், ஞாயிறு காலியாக நின்று குத்திக்காட்டும். தேதியை எழுதுங்கள், வேண்டியதை எழுதுங்கள், முடிந்த இடத்துக்குக் கீழே அடுத்த தேதி. வாரப்பக்கம் வரைந்தே ஆக வேண்டும் என்றால் ஞாயிறு இரவு, வரும் வாரத்துக்கு மட்டும் வரையுங்கள்.

டிராக்கர் என்னும் பொறி

பழக்கங்களைக் குறிக்கும் டிராக்கர் பக்கம் பார்க்க அழகு. அதனாலேயே முதல் மாதத்தில் தண்ணீர் குடிப்பது, நடைப்பயிற்சி, தூக்கம், சர்க்கரை தவிர்ப்பது, போன் பார்க்காமல் இருப்பது, தியானம், சேமிப்பு என்று 15 வரிசை போட்டுவிடுகிறார்கள். பத்தாம் தேதிக்குமேல் பக்கம் முழுக்க ஓட்டை. மூன்று போதும். அதிலும் ஒன்று, ஏற்கெனவே நீங்கள் ஒழுங்காகச் செய்துவருவதாக இருக்கட்டும். பக்கத்தைத் தினமும் திறக்க அதுவே காரணமாகும்.

வரையும்போது நடக்கும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 31 நாளையும் குறுக்குவாட்டில் வைக்கப் பார்ப்பார்கள். ஏ5 தாளின் அகலம் 148 மி.மீ. 5 மி.மீ. கட்டம் என்றால் 29-க்கு மேல் வராது. இடது ஓரத்தில் பழக்கத்தின் பெயரை வேறு எழுத வேண்டும். 25-ஆம் தேதி வந்ததும் இடமில்லை என்று தெரியும், அதற்குள் பேனாவில் கோடு போட்டாகிவிட்டது. நாள்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள், பழக்கங்களை மேலே குறுக்காக எழுதுங்கள். 31 வரிசை போக, கீழே மாத முடிவில் நாலு வரி எழுதவும் இடம் மிஞ்சும்.

தமிழில் எழுதுபவர்கள் கட்டம் போடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் ஆங்கில எழுத்துக்கு ஏற்ப வரைந்தவை. கிழமைக்கு ஒரு கட்டம் என்று அவற்றில் இருப்பதை அப்படியே எடுத்தால், ‘ஞா’வும் ‘செ’வும் 5 மி.மீ.-க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கிழமைக்கு இரண்டு கட்டம் விடுங்கள். வரி எழுதும்போதும் அப்படித்தான். மேலே ‘கி’யின் கொக்கி, கீழே ‘கு’வின் சுழி என்று நம் எழுத்து இரண்டு பக்கமும் நீளும். 5 மி.மீ. வரியில் அடுத்தடுத்து எழுதினால் மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் இகரமும் முட்டிக்கொள்ளும். பேனா முனை மெல்லியதாக இருக்கட்டும், அல்லது வரிக்கு ஒன்றரைக் கட்டம் விடுங்கள்.

பிரஷ் பேனாவில் தலைப்பு எழுதுவதும் இதே கதைதான். கீழே இழுக்கும்போது அழுத்து, மேலே போகும்போது லேசாக விடு என்று சொல்லிக்கொடுப்பார்கள். அகலமான முனையால் ‘ஞ’, ‘ழ’, ‘இ’ எழுதிப் பாருங்கள், உள்சுழி எல்லாம் மையில் அடைத்துவிடும். சாதாரணப் பேனாவில் பெரிதாக எழுதிக்கொண்டு, கீழிறங்கும் கோடுகளின் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு நடுவை நிரப்பினால் தமிழ் எழுத்து கம்பீரமாக வரும்.

தாளும் மையும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், காசு கரையும் இடமும் இதுதான். எந்தப் பேனாவை வாங்கினாலும் முதலில் நோட்டின் கடைசித் தாளில் சோதித்துப் பாருங்கள். பேனாவின் பெயரை அதே பேனாவால் எழுதி, ஒரு சின்னக் கட்டத்தை நிரப்பி, காய்ந்த பிறகு மேலே ஹைலைட்டர் போட்டு, தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் எழுத்து நிழலாகத் தெரிந்தால் பரவாயில்லை, அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். புள்ளி புள்ளியாக மை ஊறி வந்திருந்தால் அந்தப் பேனா இந்த நோட்டுக்கு ஆகாது. இந்தச் சோதனை செய்யாமல் பர்மனென்ட் மார்க்கரை எடுத்துத் தலைப்புப் போடுவதுதான் பெரிய சேதம். அதில் இருப்பது ஆல்கஹால் கலந்த மை. சாதாரணத் தாள் எதையும் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தையும் பாழாக்கும். டோம்போ பிரஷ் பேனா, ஸீப்ரா மைல்ட்லைனர் போன்றவை நீர் சார்ந்த மை, அவ்வளவாக ஊறாது.

ஜிஎஸ்எம் எண்ணை, அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதை, மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பொதுவாக 80-க்கு மேல் இருந்தால் பேனாவைத் தாங்கும், 120-க்கு மேல் என்றால் பிரஷ் பேனாவையும் தாங்கும். ஆனால் ஜப்பானின் டோமோஎ ரிவர் தாளில் ஒரு வகை 52 ஜிஎஸ்எம்தான். மசிப்பேனா எழுத்தை அழகாக ஏற்றுக்கொள்வதற்கே பெயர் பெற்றது. தாளின் மேற்பூச்சும் நெருக்கமும் எடையைப் போலவே முக்கியம். அதனால்தான் கடைசிப் பக்கச் சோதனையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஜெல் பேனா காய்வதற்குள் ஹைலைட்டர் இழுத்தால் எழுத்து கரைந்து ஹைலைட்டர் முனையும் கறுப்பாகும். முதலில் ஹைலைட்டர், அது காய்ந்ததும் மேலே எழுத்து என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சகுரா மைக்ரான் போல நிறமி மை உள்ள பேனாவில் எழுதுங்கள், காய்ந்தபின் தண்ணீரும் அதை அசைக்காது. பத்து ரூபாய் பால்பாயின்ட் பேனாவும் நல்ல தேர்வே: ஊறாது, அவ்வளவாகக் கரையாது, தீர்ந்தால் தெருமுனைக் கடையில் கிடைக்கும். பென்சில் கோட்டை அழிப்பதற்கும் அவசரம் கூடாது. ஈர மையின் மேல் ரப்பர் பட்டால் பக்கமே புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

அழிக்கக்கூடிய ஜெல் பேனாவைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பைலட் ஃப்ரிக்ஷன் போன்றவற்றின் மை தேய்ப்பதால் அழிவதில்லை, தேய்க்கும் சூட்டில் நிறம் இழக்கிறது. சுமார் 60 டிகிரி செல்சியஸில் மறைந்துவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் நோட்டை வைத்துவிட்டுப் போனால் அந்தச் சூடு வந்துவிடும், பக்கங்கள் வெறுமையாகிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் பெரும்பாலும் திரும்பத் தெரியும், ஆனால் நீங்கள் அழித்ததும் சேர்ந்தே திரும்பி வரும். கட்டத்துக்கும் தற்காலிகத் திட்டத்துக்கும் அதைப் பயன்படுத்துங்கள். பாலிசி எண்ணையும் மருந்து அளவையும் அதில் எழுதாதீர்கள்.

ஒட்டுவதிலும் சில நெளிவு சுளிவுகள் உண்டு. தண்ணீராக இருக்கும் பசை தாளைச் சுருக்கும், குச்சிப் பசை போதும். செலோடேப் நாளடைவில் மஞ்சளாகிவிடும். வாஷி டேப் பிரித்து ஒட்டத் தோதானது, அதனால்தான் இந்த வேலைக்கு இவ்வளவு பிரபலம். ஆனால் எல்லாப் பக்கத்திலும் ஒரே ஓரத்தில் ஒட்டினால் நோட்டு ஒருபக்கம் உப்பி மூடாமல் நிற்கும். இடம் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். வாட்டர்கலர் ஆசை இருந்தால் தடித்த தாளில் தனியாக வரைந்து வெட்டி ஒட்டுங்கள்.

எந்தப் படத்தைப் பார்த்து வரைவது என்று பின்டரெஸ்ட்டில் மணிக்கணக்காகத் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. கையில் இருப்பது புள்ளி நோட்டு, நம் வீட்டில் கோலப் புள்ளிகள் இருக்கின்றன. நேர்ப்புள்ளிக் கோலம் எதுவானாலும் அப்படியே பொருந்தும். இடைப்புள்ளி வேண்டுமென்றால் ஒரு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து, அடுத்த வரிசையில் விட்டுப்போனவற்றை எடுங்கள். சிக்குக் கோலத்துக்கு 5 மி.மீ. நெருக்கம், புள்ளிக்குப் புள்ளி ஒன்றைத் தாண்டி 10 மி.மீ. ஆக்கிக்கொண்டால் கம்பி தெளிவாக ஓடும். 5 புள்ளி 5 வரிசைக் கோலம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் சதுரத்தில் முடிந்துவிடும், மாதத் தலைப்பின் மூலைக்கு அளவான இடம். மார்கழிப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் எனக்குத் தெரியவில்லை.

வரைவதை எப்போதும் அந்தப் பக்கத்தில் எழுதி முடித்த பிறகு செய்யுங்கள். மிஞ்சிய இடம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். எழுதுவதற்கு முன்பே பக்கத்தின் பாதியைப் பூங்கொடி பிடித்துக்கொண்டால் வேலைப் பட்டியல் ஓரத்தில் ஒடுங்கிப்போகும்.

மாதக் கடைசி

மாதம் முடிந்ததும் புதுப் பக்கம் வரையும் ஆவலில் பழையதைத் திரும்பிப் பார்க்காமல் விடுவது, முறையின் உயிரையே எடுத்துவிடும். முடியாத வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னும் வேண்டுமா என்று கேட்டு, வேண்டியதை மட்டும் கையால் திரும்ப எழுத வேண்டும். மூன்று மாதமாக நகர்ந்துகொண்டே வரும் ‘பரண் சுத்தம்’ ஒன்று இருக்கும். நாலாவது முறை எழுதக் கை வலிக்கும், அப்போது ஒன்று செய்து முடிப்போம் அல்லது கோடு போட்டு அடிப்போம். நகலெடுத்து ஒட்டும் செயலிகளில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

பத்து நாள் எழுதாமல் விட்டுப்போனால் அந்தப் பத்து நாளுக்குப் பக்கம் விடாதீர்கள், நினைவுபடுத்தி நிரப்பவும் உட்காராதீர்கள். கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு எழுதுங்கள். பக்கம் பாழானால் கிழிக்காதீர்கள். தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் இணைத்தாளும் கழன்று வரும். அந்தப் பக்கத்தின் மேல் ஒரு வண்ணத்தாளை ஒட்டி, மளிகைப் பட்டியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.