கிராஸ் போடுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே

எங்கள் வீட்டு லேப்ரடார் முதல் ஈற்றில் எட்டுக் குட்டி போட்டது. ஆறு மாதம் கழித்து, குட்டி வாங்கிப்போன ஒருவர் தக்கலையிலிருந்து போன் செய்தார். "மாடிப்படி ஏறும்போது ரெண்டு பின்னங்காலையும் சேத்து வச்சு முயல் மாதிரி துள்ளுது, பாக்க நல்ல ரசமா இருக்கு" என்றார். எனக்கும் அப்போது சிரிப்புதான் வந்தது. ஒரு வயதானபோது அந்தக் குட்டியால் படுத்த இடத்திலிருந்து சட்டென்று எழ முடியவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தளர்ந்து கிடந்தன. பிறகுதான் தாய் நாயை எக்ஸ்ரே எடுத்தேன். அதற்கும் லேசாக இருந்தது. நன்றாக ஓடுகிற நாய்தானே என்று நான் சும்மா இருந்ததன் விளைவு.

அந்த ஈற்றுக்குப் பிறகு கற்றுக்கொண்டதை, முதல் தடவை நாயை இணை சேர்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், என்ன தேடுகிறோம்?

தொடை எலும்பின் மேல்முனை ஒரு உருண்டை. இடுப்பெலும்பில் அதற்கென்று ஒரு குழி. ஆட்டுரலில் குழவி உட்கார்வது மாதிரி அது உள்ளே ஒட்டி உட்கார வேண்டும். குழி ஆழமில்லாமல் போனாலோ, பிடித்து வைக்கும் தசைநார் தளர்ந்தாலோ உருண்டை ஆடும். ஆட ஆடக் குருத்தெலும்பு தேயும், ஓரங்களில் புது எலும்பு முளைக்கும், அப்புறம் ஆயுசுக்கும் வலி.

முன்னங்காலின் முழங்கையையும் பார்க்க வேண்டும், அது வேறு மாதிரி. அங்கே மூன்று எலும்புகள் கூடுகின்றன. அவை ஒரே சீராக வளராவிட்டால் பொருத்தம் தப்பிவிடும். லேப்ரடார், ராட்வீலரில் பெரும்பாலும் உட்பக்கம் ஒரு சிறு சில்லு பெயரும். ஜெர்மன் ஷெப்பர்டில் முழங்கையின் பின்முனை, 20 வாரத்துக்குள் ஒட்ட வேண்டியது, ஒட்டாமலே நின்றுவிடுவதுண்டு.

இரண்டுமே பல மரபணுக்கள் சேர்ந்து கடத்துகிற குறைகள். ரத்தம் எடுத்துப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. நம்மூர் சிப்பிப்பாறை, கன்னி மாதிரி மெலிந்த வேட்டை நாய்களில் இடுப்புக் குறை அபூர்வம். கனத்த வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்கள்தான் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எப்போது எடுப்பது?

நாய்களின் மூட்டுப் படங்களைப் பார்த்துத் தரம் சொல்லும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் நிறைந்த பிறகுதான் இறுதிச் சான்று தரும். ஐரோப்பிய முறையில் பெரும்பாலான இனங்களுக்கு 12 மாதம் போதும், மிகப் பெரிய இனங்களுக்கு 18 மாதம். பென்ஹிப் என்ற முறையில் 16 வாரத்திலேயே மூட்டின் தளர்ச்சியை அளக்கலாம், ஆனால் அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டர் வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டு வயதுவரை பொறுங்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளும் 18 மாதத்துக்கு முன் பெட்டை நாயை இணை சேர்க்கக் கூடாது என்கின்றன.

பெட்டை ஹீட்டில் இருக்கும்போது எடுக்காதீர்கள். ஹார்மோனால் மூட்டு தளர்ந்து தெரியலாம். முன்னும் பின்னும் மூன்று நான்கு வாரம் தள்ளியே வையுங்கள். சினையாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

போவதற்கு முந்தின நாள்

நாய் நடப்பதையும் மெதுவாக ஓடுவதையும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் போனில் வீடியோ எடுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும். ஆனால் வீடியோவில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக எக்ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள். என் நாயும் அப்படித்தான் இருந்தது.

மைக்ரோசிப் போடாவிட்டால் போட்டுவிடுங்கள். படத்தில் அந்த எண் பதிந்தால்தான் அது உங்கள் நாயின் படம் என்று நிற்கும். மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் இரவிலிருந்து சாப்பாடு கிடையாது. எத்தனை மணி நேரம், தண்ணீர் கொடுக்கலாமா என்பதை டாக்டரிடமே கேளுங்கள்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டாக்டரிடம் போகுமுன் போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: "மயக்கம் கொடுத்து, காலை நீட்டி வைத்து இடுப்பு எடுப்பீர்களா?" தயங்கினால் வேறு இடம் பாருங்கள். திருநெல்வேலியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அங்கும் கேட்டுவிட்டே கிளம்புங்கள், விடிகாலையில் கிளம்புங்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாத நாயை ஆரல்வாய்மொழி தாண்டி உச்சி வெயிலில் கொண்டுவருவது கொடுமை.

படம் சரியாக இருக்கிறதா?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்களை நேரே நீட்டி, சற்று உள்பக்கம் திருப்பி எடுக்க வேண்டும். மயக்கம் இல்லாமல் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து எடுத்த படம் காசுக்குக் கேடு. எனக்கு முதல் தடவை அப்படித்தான் எடுத்துத் தந்தார்கள், இடுப்பு கோணியிருந்தது. இப்போது நானே மூன்று விஷயம் பார்க்கிறேன். இரண்டு தொடை எலும்பும் தண்டவாளம் போல இணையாக இருக்கின்றனவா? முட்டிச்சில்லுகள் எலும்பின் நடுவில் விழுந்திருக்கின்றனவா? இடுப்பெலும்பின் கீழே தெரியும் இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவா? ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருந்தால் நாய் சாய்ந்து படுத்திருக்கிறது. உடனே, மயக்கம் தெளிவதற்குள், இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

முழங்கைக்கு, இரண்டையும் தனித்தனியாக, நன்றாக மடக்கிப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். ஒரே மயக்கத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

படத்தை டைகாம் ஃபைலாக, அதாவது மருத்துவப் படங்களுக்கென்றே இருக்கும் கம்ப்யூட்டர் ஃபைலாக, வாங்குங்கள். ஃபிலிமை விளக்கில் பிடித்துப் போனில் எடுத்த போட்டோவை வைத்து யாரும் மார்க் போட முடியாது.

முடிவைப் படிப்பது

உருண்டையில் பாதிக்கு மேல் குழிக்குள் இருக்க வேண்டும். உருண்டை குழிக்குள் எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று காட்டும் நார்பெர்க் கோணம் என்ற அளவு 105 டிகிரிக்குக் குறைந்தால் சந்தேகம். ஐரோப்பிய முறையில் ஏ, பி நல்லது, சி லேசான குறை, டி, இ மோசம். பிரிட்டன் முறையில் ஒரு பக்கத்துக்கு 53 வரை, இரண்டும் சேர்த்து 106 வரை, எண் ஏற ஏற மோசம். முழங்கைக்கு 0 முதல் 3 வரை, 0 மட்டுமே சுத்தம்.

லேசான குறைதானே என்று மனசு இழுக்கும். நான் சேர்ப்பதில்லை. நல்ல மார்க் வாங்கிய ஜோடிக்கும் குறையுள்ள குட்டி பிறப்பதுண்டு. அதனால் நாயின் உடன்பிறப்புகள் எப்படி நடக்கின்றன என்றும் விசாரிக்கிறேன்.

குறை தெரிந்தால் அந்த நாயைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எடையைக் குறைத்தாலே பாதி வலி போகும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 48 லேப்ரடார்களில் கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் பிந்தியே வந்தது. அவித்த மரச்சீனியும் மீன்குழம்பும் மிச்சமாகும் வீட்டில் இது பெரிய சோதனைதான். குட்டிகளுக்கு டாக்டர் சொல்லாமல் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள், பெரிய இனங்களில் அது எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். வழவழ டைல்ஸில் ஓடவும் விடாதீர்கள், சாக்கு விரித்தால் போதும்.

ஆண் நாய்க்காரர்

கடைசி வேலை இதுதான், சங்கடமானதும்கூட. எதிர்த்தரப்பிலும் ரிப்போர்ட் கேட்க வேண்டும். "பட்டி (நாய்) நல்லாத்தான ஓடுது, பின்ன எதுக்கு எக்ஸ்ரே?" என்பார்கள். நான் சண்டை போடுவதில்லை. என் நாயின் படத்தை எடுத்து மேசையில் வைப்பேன். ஆண் நாய்க்குக் கூலியாக ஒரு குட்டி கொடுப்பது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? "உங்களுக்கு வரப்போற குட்டிக்கும் சேர்த்துத்தான் கேக்குறேன்" என்பேன். போன வருடம் மூன்று பேரிடம் இப்படிக் கேட்டேன். ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனார்.