பள்ளிப் பிள்ளைகளுக்குப் புயலைக் கற்பிப்பது எப்படி: பம்பரம், வரைபடம், மழைமானி

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கடலோர மாவட்டங்களின் வகுப்பறைகளில் "நாளைக்கு லீவா டீச்சர்?" என்ற கேள்வி எழுந்துவிடும். அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். விடுமுறை எதை வைத்து அறிவிக்கப்படுகிறது, தொலைக்காட்சியில் வாசிக்கப்படும் வானிலை அறிக்கையின் சொற்களுக்கு என்ன பொருள் என்பதை ஒரு பிள்ளை புரிந்துகொண்டுவிட்டால், வீட்டில் பெரியவர்கள் தடுமாறும் நேரத்தில் அந்தப் பிள்ளையே துணையாக நிற்கும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நான் பின்பற்றும் முறையைக் கீழே தருகிறேன். முதன்முறையாக இந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்களுக்கும் இது கடினமாக இராது.

முதல் படி: பிள்ளைகளைப் பேச விடுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் வீட்டுக் கூரையையோ தென்னந்தோப்பையோ இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். ஆகவே புயல் ஊளையிடும் காணொளிகளைக் காட்டித் தொடங்காதீர்கள். வீட்டில் கேட்டவற்றைச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும். விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம். அச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காதில் அறிவியல் ஏறாது.

இரண்டாம் படி: பம்பரத்தைச் சுழற்றிக் காட்டுங்கள்

"புயல் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து வருகிறது; கரையைக் கடக்கும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்" என்று அறிக்கை வரும்போது பெரியவர்களே குழம்பிப்போகிறார்கள். சைக்கிளைவிட மெதுவாக வருவது எப்படி மரத்தைச் சாய்க்கும் என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டபோது, பையிலிருந்த பம்பரத்தை எடுத்துத் தரையில் விடச் சொன்னேன். அது தன்னைத்தானே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டு, சிமெண்ட் தரையில் ஆணி கிறீச்சிட, பெஞ்சின் காலை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்தது. சுற்றும் வேகம் ஒன்று, நகரும் வேகம் வேறொன்று என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெதுவாக நகரும் புயல் ஒரே இடத்தில் அதிக நேரம் மழையைக் கொட்டக்கூடும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பம்பரத்தைக் கயிறு சுழற்றுகிறது. புயலை எது சுழற்றுகிறது? ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும் கடல்நீர் ஆவியாகி மேலெழுந்து, மேகமாகக் குளிரும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பத்தால் காற்று மேலும் மேலெழ, கீழே அழுத்தம் குறைந்து, சுற்றிலுமுள்ள காற்று அங்கே பாய்கிறது. பாயும் காற்றைப் பூமியின் சுழற்சி ஒருபக்கமாகத் திருப்பிவிடுவதால், நம் அரைக்கோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. நிலத்தை அடைந்ததும் கடலின் ஈரமும் வெப்பமும் கிடைக்காமல் புயல் தளர்கிறது.

மூன்றாம் படி: அறிக்கையின் சொற்களைப் படியுங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை என்றால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை என்றால் புயல், 89 முதல் 117 வரை என்றால் தீவிரப் புயல். இவற்றைக் கரும்பலகையில் ஏணியாக வரையுங்கள். புயல் என்ற நிலையை எட்டிய பிறகே பெயர் சூட்டப்படும். வட இந்தியப் பெருங்கடல் பகுதியைச் சேர்ந்த 13 நாடுகள் முன்கூட்டியே தந்துள்ள பட்டியலில், இந்தியா தந்த பெயர்களுள் 'முரசு' என்னும் தமிழ்ச் சொல்லும் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான்காம் படி: வரைபடத்தில் புள்ளி வையுங்கள்

வங்காள விரிகுடாவின் வரைபடத்தைக் கட்டத்தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். புயல் உருவாகும் நாட்களில், அறிக்கையில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு ஒவ்வொரு நாளும் ஒரு மாணவர் புள்ளி வைக்கட்டும். ஓர் அட்சரேகைப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து, கடந்த மணிநேரத்தால் வகுத்தால் புயல் நகரும் வேகம் கிடைக்கும்.

அதே படத்தில் புயலைச் சுற்றி எதிர்க்கடிகாரத் திசையில் அம்புகளை வரையச் சொல்லுங்கள். மேற்கு நோக்கி வரும் புயலின் வடபுறத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதையும், தென்புறத்தில் கரையிலிருந்து கடலுக்கு வீசுவதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். கடல்நீர் ஊருக்குள் புகும் ஆபத்து வடபுறத்தில் ஏன் அதிகம் என்பதற்கு விடை அந்த அம்புகளிலேயே இருக்கிறது.

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றுதான் பிள்ளைகளின் நினைவில் நிற்கும் என்றால், அது புயலின் கண்ணை, அதாவது சுழலின் நடுவே காற்று அடங்கியிருக்கும் பகுதியைப் பற்றியதாக இருக்கட்டும். கண் நம் ஊரைக் கடக்கும்போது காற்று நின்று அமைதியாகிவிடும். சில சமயம் வானமும் வெளுக்கும். புயல் ஓய்ந்துவிட்டது என்று நம்பிப் பறந்துபோன ஓட்டைத் தேடவோ ஆட்டைப் பிடிக்கவோ வெளியே செல்பவர்களை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று தாக்கும். முதலில் வடக்கிலிருந்து வீசிய காற்று இப்போது தெற்கிலிருந்து வீசும். ஒருபுறம் ஆட்டம் கண்டிருந்த மரமும் கூரையும் அப்போதுதான் விழும். அபாயம் நீங்கியது என்று அதிகாரிகள் அறிவிக்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகள் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: மழையை அளந்து பாருங்கள்

பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, புனல் போலக் கவிழ்த்துப் பொருத்துங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருந்தால், கூழாங்கல் போட்டு அது சமமாகும் வரை நீரூற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறியுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி அளவுகோலை ஒட்டுங்கள். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளித் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்குப் படியுங்கள். வானிலை நிலையங்கள் அளக்கும் நேரமும் அதுதான். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். வகுப்பறைத் தரையின் பரப்பை அளந்து, 200 மில்லிமீட்டர் மழையில் அதன்மேல் எத்தனை குடம் நீர் விழும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். இடி மின்னல் உள்ள நேரத்தில் மானியை எடுக்க யாரும் வெளியே போகக் கூடாது.

ஆறாம் படி: வீட்டுக்கு ஒரு தாள்

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில், அருகிலுள்ள புயல் பாதுகாப்பு மையம் அல்லது முகாமின் பெயர், அங்கே செல்லும் மேட்டுப்பாதை, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070 ஆகியவற்றைத் தன் கையாலேயே எழுதட்டும். குடும்ப அட்டை, ஆதார், பாடப்புத்தகங்கள், தாத்தா பாட்டியின் மாத்திரைகள் ஆகியவற்றை எந்தப் பிளாஸ்டிக் பையில் வைப்பது, அதை யார் தூக்குவது என்பதை வீட்டாரிடம் கேட்டு நிரப்பி வரச் சொல்லுங்கள். மறுநாள் அந்தத் தாள்களைச் சரிபார்த்த பின் வகுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக் கதவின் உட்புறத்தில், வீட்டில் மிகச் சிறிய பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.